சென்னையில் இருந்துகொண்டு வெளிநாட்டுச் செய்தியாளர் ஆவது எப்படி?

தமிழ் செய்தி சேனல்களில் வெளிநாட்டுச் செய்தியாளர் என்று தனியாக ஒரு வேலை அநேகமாகக் கிடையாது. இலங்கையில் தேர்தல் வந்தால், நேபாளத்தில் நிலம் அதிர்ந்தால், முதல்வர் முதலீடு திரட்ட வெளிநாடு கிளம்பினால், அன்றைக்கு யாரிடம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் கொஞ்சம் விஷயமும் இருக்கிறதோ அவரை அனுப்புவார்கள். மற்ற நாள்களில் அதே ஆள் கோயம்பேட்டில் தக்காளி விலைக்கு பைட் (கேமரா முன் ஒருவர் சொல்லும் சிறு பேச்சு) எடுத்துக்கொண்டிருப்பார். மைக் பிடிக்கத் தொடங்கி ஒன்றிரண்டு வருஷம் ஆன பிள்ளைகள் இதைக் கேட்டால் முகம் வாடிவிடுகிறது. வாட வேண்டாம், பதவியே இல்லாத இடத்தில் போட்டியும் குறைவு. "இலங்கைன்னா அவனைக் கேளு", "வளைகுடான்னா அந்தப் பொண்ணைக் கேளு" என்று ஆபீஸில் நாலு பேர் சொல்லும்படி செய்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. அதை விமானம் ஏறுவதற்கு முன்னால், இங்கே சென்னையிலேயே செய்ய வேண்டும். அதற்கான வழிகளைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு நாட்டைப் பிடியுங்கள்

"எனக்கு இன்டர்நேஷனல்ல இன்ட்ரஸ்ட் சார்" என்று வருபவர்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எந்த நாடு என்று கேட்டால் உக்ரைன், காஸா என்பார்கள். அங்கே ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி என்று செய்தி ஏஜென்சிகள் எல்லாம் ஆள் வைத்திருக்கின்றன, விஷுவல்ஸ் நிமிஷத்துக்கு நிமிஷம் வருகிறது, நம் சேனல் அதற்குச் சந்தா கட்டுகிறது. நீங்கள் போய்ப் புதிதாக எதைக் காட்டப் போகிறீர்கள்? 2022 பிப்ரவரி 24-ஆம் தேதி உக்ரைனுக்குள் ரஷ்யப் படை நுழைந்தபோது டாங்கிகள் ஓடும் காட்சி எல்லா சேனலிலும் ஒன்றுதான். தமிழ்நாட்டு வீடுகள் தேடியது கார்கிவில் மெட்ரோ நிலையத்திலும் ஹாஸ்டல் பேஸ்மென்ட்டிலும் பதுங்கிக் கிடந்த மருத்துவ மாணவர்களின் குரலை. அந்தப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் எண் யார் கையில் இருந்ததோ அவர்தான் அந்த வாரம் வெளிநாட்டுச் செய்தியாளர், அவர் சென்னையில் ஈக்காட்டுத்தாங்கலைத் தாண்டாமல் இருந்தால்கூட.

ஆகவே தமிழ் ஆள்கள் இருக்கும் நாடாக, அல்லது தமிழ்நாட்டின் பிழைப்போடு முடிச்சுப் போட்டிருக்கும் நாடாகப் பாருங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா, மியான்மர். என்னைக் கேட்டால் முதல் நாடு இலங்கை. கொழும்புக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றுதான், மீனம்பாக்கத்தில் ஏறினால் நேராக யாழ்ப்பாணத்தில் இறங்கலாம், நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பலும் விட்டு விட்டு ஓடுகிறது. செலவு குறைவு என்பதால் ஆசிரியர் சரி சொல்வதற்கான வாய்ப்பும் அதிகம். ஆனால் இலங்கையைப் பிடித்தால் அடி ஆழம் வரை தெரிந்திருக்க வேண்டும். கச்சத்தீவைப் பற்றி விவாத மேடையில் கத்துகிற பலருக்கு 1974 ஒப்பந்தம் வேறு, 1976 ஒப்பந்தம் வேறு என்பதே தெரியாது: முதலாவது பாக் நீரிணையில் எல்லைக் கோடு போட்டுத் தீவை அந்தப் பக்கம் விட்டது, இரண்டாவது மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுத்தது, அதையொட்டிப் பரிமாறிக்கொண்ட கடிதங்கள்தான் ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்றன. மூலத்தை இணையத்தில் எடுத்து ஒரு மாலையில் படித்துவிடலாம். அதே மாதிரி மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றிய 1964-இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், மாகாண சபைகளைக் கொண்டுவந்த 1987-இன் பதின்மூன்றாவது திருத்தம், போர் முடிந்த 2009 மே மாதம், ஜனாதிபதி கோட்டாபயவை விரட்டிய 2022 போராட்டம், 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜெயித்த தேர்தல். யாழ்ப்பாணத் தமிழர், மலையகத் தமிழர், கிழக்கின் முஸ்லிம்கள் எல்லோரையும் ஒரே கூட்டமாகப் பேசினால் அங்கே இறங்கிய முதல் நாளே உங்களை ஒதுக்கிவிடுவார்கள்.

சிங்கப்பூர், வளைகுடா என்றால் அங்குள்ள சட்டத்தை முதலில் படியுங்கள். சிங்கப்பூரில் ஒரே ஒரு ஆள் பதாகை பிடித்து நின்றாலும் அதற்கு அனுமதி வேண்டும், அமீரகத்தில் ஒருவரைக் கேட்காமல் படம் எடுப்பதே வழக்காகலாம். பாரிமுனையில் மைக்கை நீட்டுகிற மாதிரி அங்கே நீட்ட முடியாது.

சென்னைக்குள் இருக்கும் வெளிநாடு

இதைத்தான் யாரும் செய்வதில்லை, அதனால்தான் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வாரத்தில் அரை நாள் கேமரா இல்லாமல் ஊருக்குள் சுற்றுங்கள். ராஜாஜி சாலையில் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பர்மா பஜார், 1962 ராணுவ ஆட்சிக்குப் பிறகு அங்கிருந்து விரட்டப்பட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் பிழைக்கப் போட்ட கடைகள். பக்கத்துத் தெருவில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) தின்றபடியே பேச்சுக் கொடுத்தால், இன்னும் யாங்கூனில் சித்தப்பா இருக்கிறார், மாமா பெண் இருக்கிறாள் என்று கதை வரும். 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி மியான்மரில் மறுபடி ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது யாங்கூனில் இருந்து தமிழில் பேச ஒரு ஆள் வேண்டும் என்றால் அந்த எண் கிடைக்கும் இடம் இதுதான்.

கிரீம்ஸ் ரோடு ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கும் லாட்ஜுகளில் வங்கதேசத்து நோயாளிகள் தங்குவார்கள். 2024 ஆகஸ்ட் 5-ஆம் தேதி ஷேக் ஹசீனா டாக்காவை விட்டுக் கிளம்பிய பிறகு இந்திய விசா கொடுப்பது சுருங்கிப்போனது, அந்த லாட்ஜுகளில் கூட்டமும் குறைந்தது. டாக்கா போகாமலே டாக்காவைப் பற்றி ஒரு ஸ்டோரி, அதுவும் சென்னையில் யாருக்கெல்லாம் வருமானம் போனது என்பதோடு சேர்த்து. மண்ணடியில் வளைகுடாவுக்கும் கொழும்புக்கும் சாமான் கொண்டுபோய் வரும் 'குருவி'கள் இருக்கிறார்கள், எந்த நாட்டுச் சுங்கத்தில் என்ன கெடுபிடி என்பது பத்திரிகையில் வருவதற்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கொரியாக்காரர்களும் ஜப்பான்காரர்களும். கேளம்பாக்கத்தில் ரோஹிங்கியாக்கள்.

புழல் காவாங்கரையிலும் கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அகதி முகாம் என்ற பெயரை அரசு 2021-இல் இப்படி மாற்றியது. கேமராவோடு உள்ளே போக அனுமதி வேண்டும், போலீஸ் உளவுப் பிரிவான க்யூ பிராஞ்ச் கண்ணும் அங்கே உண்டு. அதனால் முதல் பல சந்திப்புகளை வெளியே டீக்கடையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அங்கே சொந்தம் இருக்கிறது, இங்கே விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, உங்கள் ஒரு பைட்டால் இரண்டு பக்கமும் சிக்கல் வரலாம். முகத்தைக் காட்டலாமா என்று கேட்டு, அவர் சரி என்று சொன்னாலும், காட்டினால் என்ன ஆகும் என்று நீங்களும் ஒரு முறை யோசித்துவிட்டு எடுங்கள்.

அப்புறம் தூதரகங்கள். இலங்கைத் துணைத் தூதரகம் நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் சாலையில், அமெரிக்கத் துணைத் தூதரகம் ஜெமினி மேம்பாலத்தின் அருகில், பிரிட்டிஷ் துணைத் தூதரகமும் நுங்கம்பாக்கத்தில்தான். ஒவ்வொன்றிலும் பத்திரிகைத் தொடர்புக்கு ஒருவர் இருப்பார். அவருடைய அழைப்புப் பட்டியலில் உங்கள் பெயர் ஏறியாக வேண்டும். தேசிய தின விருந்துக்குக் கூப்பிட்டால் போய் விசிட்டிங் கார்டு வாங்குங்கள், சும்மா கட்லெட் தின்றுவிட்டு வந்துவிடாதீர்கள்.

போன் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் நாட்டில் யாரையெல்லாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்றால் எம்பி, அமைச்சர் என்று தொடங்காதீர்கள். அவர்கள் எண் எல்லோரிடமும் இருக்கும், அவசரத்தில் எடுக்கவும் மாட்டார்கள். டாக்ஸி டிரைவர், லாட்ஜ் மேனேஜர், பங்குத் தந்தை, பல்கலைக்கழக விரிவுரையாளர், ஆஸ்பத்திரி நர்ஸ், தமிழ்ச் சங்கச் செயலாளர், உள்ளூர் நிருபர், மீனவர் சங்கத் தலைவர். ஊர்ப் பெயரை முன்னால் போட்டு சேமியுங்கள், "மட்டக்களப்பு - விரிவுரையாளர்" என்கிற மாதிரி. எதுவும் நடக்காத நாளில் ஒரு வணக்கம், தீபாவளிக்கோ ரம்ஜானுக்கோ ஒரு வாழ்த்து. குண்டு வெடித்த அன்று மட்டும் கூப்பிடுகிறவனுக்கு யாரும் இரண்டாம் தடவை பேச மாட்டார்கள்.

படிப்பு, மொழி

தரமணியில் ஏசிஜே (ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம்) இருக்கிறது, மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை இருக்கிறது, விஸ்காம் சொல்லித்தரும் கல்லூரிகள் ஊர் நிறைய. எங்கே படித்தாலும் பெரிய வித்தியாசமில்லை, நட்பு வட்டம் மாறும், அவ்வளவுதான். வித்தியாசம் கொடுப்பது மொழி. ஏஜென்சி செய்தியைத் தடங்கலில்லாமல் படிக்கும் அளவுக்கு ஆங்கிலம் கட்டாயம். அதற்கு மேல் சிங்களமோ மலாயோ அரபியோ, கடைக்காரரிடம் பேசுகிற அளவுக்காவது. பிரெஞ்சு வேண்டும் என்றால் நுங்கம்பாக்கத்து அலியான்ஸ் பிரான்சேஸ், ஜெர்மன் என்றால் மேக்ஸ் முல்லர் பவன். தமிழ் சேனலில் சிங்களம் தெரிந்த நிருபர் என்று ஒருவர் இருந்தால், இலங்கைப் பயணம் என்று பேச்சு வந்தவுடன் அவர் பெயர்தான் முதலில் வரும்.

இரவு ஷிஃப்ட்டைக் கேட்டு வாங்குங்கள்

சர்வதேச டெஸ்க் என்பது பல சேனல்களில் ஒரு மேஜையும் ஒன்றிரண்டு ஆள்களும். ஏஜென்சி செய்தியைத் தமிழில் எழுதி ஓட விடுவார்கள். முகம் திரையில் வராது என்பதால் யாரும் ஆசைப்பட மாட்டார்கள். நீங்கள் ஆசைப்படுங்கள். சிஎன்என்னின் கிறிஸ்டியான் அமன்பூர் 1983-இல் சேர்ந்தது அட்லாண்டாவில் வெளிநாட்டுச் செய்தி டெஸ்க்கின் கடைநிலை உதவியாளராக. 1990-91 வளைகுடாப் போரில்தான் உலகம் அவர் முகத்தைத் தெரிந்துகொண்டது. இடையில் ஏழெட்டு வருஷம்.

இரவு ஷிஃப்ட்டில் இன்னொரு லாபம்: வாஷிங்டன் நமக்குக் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம், கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்னால். அங்கே பேட்டியும் அறிவிப்பும் நடக்கும்போது இங்கே ஆபீஸில் மூத்தவர்கள் தூங்குவார்கள், முடிவெடுக்க நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். ஏஜென்சி வீடியோவோடு வரும் ஷாட்லிஸ்ட்டை முழுக்கப் படிக்கும் பழக்கம் அப்போதுதான் வரும். எந்த ஷாட் இன்று எடுத்தது, எது பழைய ஃபைல் காட்சி, எதற்குப் பயன்பாட்டுக் கட்டுப்பாடு என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும், பாதிப் பேர் படிப்பதில்லை. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை ஓட்டுவதற்கு முன் ஒரு ஃபிரேமை எடுத்துப் படத்தேடலில் போடுவது, கடைப் பலகையில் என்ன எழுத்து என்று பார்ப்பது, தெருவையும் மலையையும் கூகுள் எர்த்தில் ஒப்பிடுவது எல்லாம் இந்த மேஜையில் படிக்க வேண்டியது. இன்னொன்று, அந்நிய ஊர், ஆள் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று ஒரு நோட்டு போடுங்கள். அந்த நாட்டு சேனலை யூடியூபில் பார்த்தாலே தெரிந்துவிடும், ஆனாலும் நம் திரையில் ஒரே அதிபருக்கு ஒரே நாளில் மூன்று பெயர் ஓடுகிறது.

கையில் தொழில் வேண்டும்

வெளிநாட்டுக்கு இரண்டு பேரை அனுப்ப யோசிப்பார்கள், ஒருவரை அனுப்பச் சம்மதிப்பார்கள். எனவே ஷூட், ஒலி, எடிட், வாய்ஸ் ஓவர் எல்லாம் தனியாகச் செய்யத் தெரிந்திருந்தால் பாதித் தடை நீங்கும். இதை மெரினாவில் பழகலாம்: போனில் ஒரு நிமிஷ ஸ்டோரி, சட்டையில் மாட்டும் லேபல் மைக்கில் இரண்டு பைட், முப்பது விநாடி வெறும் ஆம்பியன்ஸ் (சுற்றுப்புறச் சத்தம்), ஒரு பிடிசி (கேமராவைப் பார்த்து நீங்கள் பேசுவது), அங்கேயே உட்கார்ந்து வெட்டி ஒரு மணி நேரத்துக்குள் டெஸ்க்குக்கு அனுப்ப வேண்டும். மணி பார்த்துச் செய்யுங்கள். பிடிசி எப்போதும் இரண்டு எடுங்கள், ஒன்றில் 'இன்று காலை' என்று நேரம் வரட்டும், இன்னொன்றில் நேரமே வரக் கூடாது. செய்தி நாளைக்குத் தள்ளிப்போனால் இரண்டாவதுதான் உங்களைக் காப்பாற்றும்.

லைவ் யூ மாதிரி முதுகுப்பை கருவி பல சிம்களின் டேட்டாவை ஒன்றாகச் சேர்த்துப் படத்தை அனுப்பும். வேறு நாட்டில் இறங்கியதும் ஒரே கம்பெனி சிம்மை நாலு வாங்கிப் போட்டால் பயனில்லை, அந்த டவர் நெரிசலில் நாலும் சேர்ந்து படுத்துவிடும். வெவ்வேறு கம்பெனி சிம்களாக வாங்குங்கள். லைவில் சில விநாடி தாமதம் இருக்கும், ஆங்கர் கேள்வி உங்கள் காதுக்கு வந்து சேரும் வரை திரையில் நீங்கள் சும்மா நிற்பது தெரியும். ஸ்டுடியோவில் கேள்வியைச் சின்னதாகக் கேட்கச் சொல்லி முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டால் பார்ப்பவருக்கு உறுத்தாது. தெரியாததைக் கேட்டால் "அது இன்னும் உறுதியாகவில்லை" என்று சொல்லிவிட்டு, உங்கள் கண் முன்னால் இருப்பதைச் சொல்லுங்கள். எதிரே கடை திறந்திருக்கிறதா, பஸ் ஓடுகிறதா, வரிசை எவ்வளவு நீளம் என்பது ஸ்டுடியோவில் இருப்பவருக்குத் தெரியாது, அதற்குத்தான் உங்களை அனுப்பியிருக்கிறார்கள்.

ஆசிரியரிடம் எப்படிக் கேட்பது

"சார் என்னை அனுப்புங்க" என்றால் அனுப்ப மாட்டார்கள். ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: ஏன் இப்போது, என்ன மூன்று ஸ்டோரி, அங்கே யார் யார் பேசச் சம்மதித்திருக்கிறார்கள், மொத்தச் செலவு எவ்வளவு. கடைசி வரியைத்தான் அவர் முதலில் படிப்பார், எனவே விமானம், தங்குமிடம், வண்டி, ஃபிக்ஸர் (அங்கே ஆளும் வழியும் ஏற்பாடு செய்து தரும் உள்ளூர்க்காரர்) கூலி எல்லாம் விசாரித்து உண்மையான தொகையைப் போடுங்கள். முதல் பயணத்துக்கு முன்கூட்டியே தேதி தெரிந்த நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. விசாவுக்கு நேரம் கிடைக்கும். தேர்தல், மே 18 முள்ளிவாய்க்கால் நினைவேந்தல், செப்டம்பரில் ஐநா பொதுச்சபை. ஜெனீவாவில் மனித உரிமைக் கவுன்சில் வருஷத்துக்கு மூன்று முறை கூடுகிறது, அதை ஐநாவின் இணையத் தொலைக்காட்சியில் தேனாம்பேட்டையில் உட்கார்ந்துகொண்டே நேரலையில் பார்க்கலாம். இலங்கைத் தீர்மானம் வரும் நாளில் அதைப் பார்த்து, யார் ஆதரவு யார் எதிர்ப்பு என்று முதல் ஆளாக நீங்கள் சொன்னீர்கள் என்றால் அடுத்த முறை ஆசிரியரே கூப்பிடுவார்.

சேனல் காசில் போக முடியாவிட்டால் ஃபெல்லோஷிப் பாருங்கள். ஐநாவின் ரெஹாம் அல்-ஃபர்ரா ஃபெல்லோஷிப் வளரும் நாடுகளின் இளம் பத்திரிகையாளர்களுக்கானது, வயது 22 முதல் 35 வரை, பொதுச்சபை நேரத்தில் நியூயார்க் கூட்டிப் போகிறார்கள். 2003-இல் பாக்தாத் ஐநா அலுவலகக் குண்டுவெடிப்பில் இறந்த 29 வயது ஜோர்டான் பெண்ணின் பெயரில் நடக்கிறது. இந்திய, இலங்கைப் பத்திரிகையாளர்களுக்கு பிரிட்டனின் செவனிங் தெற்காசிய இதழியல் திட்டமும் உண்டு, ஆனால் அது சில வருஷ அனுபவத்துக்குப் பிறகுதான்.

விசா, பெட்டி, பேட்டரி

டூரிஸ்ட் விசாவில் போய்ச் செய்தி எடுக்காதீர்கள். "எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்று ஆபீஸிலேயே சொல்வார்கள். பிடிபட்டால் உங்களைத் திருப்பி அனுப்புவார்கள், மறுபடி அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள், ஒரு நாட்டையே பிழைப்பாகப் பிடித்த உங்களுக்கு அதோடு கதை முடிந்தது. உங்களுக்கு வண்டி ஓட்டிய உள்ளூர்க்காரர் அங்கேயே இருந்து விசாரணைக்குப் போக வேண்டும். அமெரிக்காவுக்கு வெளிநாட்டு ஊடகத்தாருக்கென்றே ஐ விசா இருக்கிறது. இலங்கைக்குப் பத்திரிகையாளர் என்று சொல்லியே விண்ணப்பித்து, கொழும்பில் அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் அங்கீகார அட்டையும் வாங்குங்கள்.

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும், காலிப் பக்கமும் வேண்டும். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் மூன்றிலும் சேவை மையம் இருக்கிறது, நில நடுக்கம் வந்த பிறகு ஓடினால் நடக்காது.

லித்தியம் பேட்டரி 100 வாட்-ஹவருக்குள் இருந்தால் கைப்பையில் கொண்டு போகலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன் அனுமதி வேண்டும், அதுவும் உபரியாக இரண்டுதான். அதற்கு மேல் பயணிகள் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். பெரிய கேமராவில் மாட்டும் வி-மவுன்ட் பேட்டரிகள் 95, 98 என்று விற்பது இந்தக் கணக்குக்காகத்தான். உபரி பேட்டரி எதையும் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள், பெட்டியை இறக்கிவிட்டுத் தேடுவார்கள். கேமரா, லென்ஸ், லைவ் யூ எல்லாவற்றின் சீரியல் எண்ணையும் கிளம்பும்போதே மீனம்பாக்கம் சுங்கத்தில் காட்டிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திரும்பும்போது உங்கள் சொந்தக் கேமராவுக்கே வரி கேட்பார்கள். பெரிய கருவிகள் என்றால், வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்ப, வணிகர் கூட்டமைப்பான ஃபிக்கி கொடுக்கும் ஏடிஏ கார்னே என்ற ஆவணம் இருக்கிறது. துபாயில் மலிவு என்று சாட்டிலைட் போனோ டிரோனோ வாங்கி வராதீர்கள்: துரையா, இரிடியம் போன்கள் இந்தியாவில் அனுமதியின்றித் தடை, டிரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி முதல் தடை.

அங்கே போன பிறகு

ஃபிக்ஸர் என்பவரை டிரைவருக்கு மேல், மொழிபெயர்ப்பாளருக்குக் கீழ் என்று நினைக்கிற வழக்கம் நம் ஆள்களிடம் இருக்கிறது. பாதி ஸ்டோரி அவருடையது. பேசிய தொகையைப் பேசிய நாளில் கொடுங்கள், அவர் வேண்டாம் என்று சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள், பெயர் போடலாமா வேண்டாமா என்று அவரிடமே கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் 2006 மே மாதம் துப்பாக்கியோடு புகுந்து இரண்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள், பத்திரிகை நிற்காமல் வந்தது. அந்த ஊர் நிருபருக்கு முன்னால் போய் நின்று ஈழத்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றாதீர்கள். கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், அவர் கொடுத்த தகவல் என்றால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு நேபாளத்தில் "இந்திய ஊடகமே, வீட்டுக்குப் போ" என்று ஒரு ஹேஷ்டேக் பரவியது நினைவிருக்கலாம். இடிபாட்டில் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த தாயிடம் மைக்கை நீட்டியது, மீட்பு ஹெலிகாப்டரில் நிருபர்கள் இடம் பிடித்தது என்று கோபம். நம் பக்கத்தில் இதற்கு ஒரு நிலையான வாக்கியமே இருக்கிறது: "இப்ப உங்க மனநிலை எப்படி இருக்கு?" இழவு வீட்டில் எந்த ஊரிலும் இதைக் கேட்காதீர்கள். எப்போது சாப்பிட்டீர்கள், இங்கே யார் வந்து பார்த்தார்கள், இரவு எங்கே படுத்தீர்கள் என்று கேட்டால் மற்றதை அவர்களே சொல்வார்கள்.

2022 ஜூலை 9-ஆம் தேதி கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தபோது எல்லோரும் நீச்சல் குளத்தைக் காட்டினார்கள். காட்ட வேண்டியதுதான், அது நல்ல காட்சி. கோட்டாபய 13-ஆம் தேதி மாலத்தீவுக்குப் போய், அங்கிருந்து சிங்கப்பூர் சேர்ந்து மறுநாள் பதவி விலகியதும் எல்லா ஏஜென்சியிலும் வந்தது. ஆனால் தமிழ் நிருபர் ஒருவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: கொழும்பில் போராட்டக் களமான காலிமுகத்திடல் இவ்வளவு கொதித்தபோது வடக்கில் பலர் ஏன் தள்ளி நின்று பார்த்தார்கள்? அதற்கு நீச்சல் குளத்தை விட்டுவிட்டு இரவோடு இரவாக யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏற வேண்டும்.

உயிர்

முதல் சில பயணங்களில் போர் வேண்டாம். பிரிட்டனின் சண்டே டைம்ஸ் நிருபர் மேரி கால்வின் 2001-இல் இலங்கையின் வன்னியில் இருந்து திரும்பும்போது ஒரு கண்ணை இழந்தார், 2012-இல் சிரியாவின் ஹோம்ஸில் இறந்தார். ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் டேனிஷ் சித்திக்கி 2021 ஜூலையில் ஆஃப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டாக்கில். இருவருமே இந்தத் தொழிலில் மிகப் பழுத்த கைகள், பின்னால் பெரிய நிறுவனங்களும் இருந்தன. போய்த்தான் தீர வேண்டும் என்றால் ஹெஃபட் எனப்படும் ஆபத்துப் பகுதிப் பயிற்சி எடுங்கள். ரோரி பெக் டிரஸ்ட் ஃப்ரீலான்சர்களுக்கு இதில் உதவுகிறது, பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவான சிபிஜேவின் கையேடுகள் இலவசம். குறைந்தபட்சம் சென்னையிலேயே செஞ்சிலுவைச் சங்கத்திலோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸிலோ முதலுதவி படித்துவிடுங்கள், ரத்தத்தை நிறுத்தத் தெரிந்திருப்பது கலவரத்துக்கு மட்டுமில்லை, ஈசிஆர் விபத்துக்கும் உதவும். சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் போர், கலவரத்துக்குச் செல்லாது, பாலிசியின் சின்ன எழுத்தைப் படியுங்கள். இத்தனை மணிக்கு ஒரு முறை மெசேஜ், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை டெஸ்க்கில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. "பொண்ணை எப்படிப்பா தனியா அனுப்பறது" என்று அக்கறையாகக் கேட்பார்கள். 1984-இலேயே பிரபாகரனைப் பேட்டி கண்ட அனிதா பிரதாப், பிறகு சிஎன்என்னுக்காகத் தாலிபான் காபூலைப் பிடித்ததைப் பதிவு செய்து அமெரிக்க இதழியல் விருதான போல்க் விருது வாங்கியவர். தி இந்துவுக்குக் கொழும்பில் இருந்து எழுதிய நிருபமா சுப்பிரமணியன், மீரா ஸ்ரீனிவாசன் இருவரும் பெண்கள்தான். இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் செலவுக் கணக்குப் பக்கத்தை நீட்டி, இதில் எது சரியில்லை என்று கேளுங்கள்.

பணம்

சம்பளம் உள்ளூர் நிருபருக்கு எவ்வளவோ அவ்வளவுதான், வெளிநாடு போவதால் கூடிவிடாது, பேட்டா மட்டும் வரும். ஃப்ரீலான்ஸ் என்றால் வெளிநாட்டு நிறுவனங்கள் ஸ்டோரிக்கு இவ்வளவு என்றோ நாளுக்கு இவ்வளவு என்றோ தருவார்கள், கிளம்புவதற்கு முன் மெயிலில் எழுதி வாங்குங்கள், பயணச் செலவு யாருடையது, காட்சியின் உரிமை யாருக்கு என்பதும் அதில் இருக்கட்டும். அங்கே ஆட்டோவுக்குக் கொடுத்த காசுக்குக்கூட துண்டுச் சீட்டில் கையெழுத்து வாங்கி அன்றிரவே போனில் படம் எடுத்து வையுங்கள், வெயிலில் பர்சுக்குள் இருந்தால் தெர்மல் பில் வெள்ளைக் காகிதமாகிவிடும். ஃபாரெக்ஸ் கார்டின் ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்து, வந்து சேர்ந்த வாரமே அட்வான்ஸை செட்டில் பண்ணுங்கள். பழைய கணக்கு முடியாதவருக்கு அடுத்த பயணத்துக்கு அக்கவுன்ட்ஸ் கையெழுத்துப் போடாது, ஆசிரியரே சொன்னாலும் போடாது.